தொங்கலில் கேட்ட குரல்

பாடகர் குழுக்களைப் பயிற்றுவிக்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். இசைக்குறிகளில் சொல்லிக்கொடுக்கச் சிரமமானது எது? ஷார்ப் என்றோ ஃபிளாட் என்றோ சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். சிரமமானது ரெஸ்ட், மௌனக் குறி. நன்றாகப் பாடுகிறவரைப் பார்த்து, 'இந்த இடத்தில் வாயை மூடுங்கள்' என்று சொல்வதைவிடச் சங்கடமான வேலை உலகத்தில் இல்லை.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கிய ஆர்கன் வாசிப்பாளர், ரெஸ்ட்டில் யாராவது சத்தம் கொடுத்தால் கோலால் மேஜையில் ஓங்கித் தட்டுவார். ரெஸ்ட்டைத் திருடுகிறவன் காணிக்கைப் பெட்டியையும் திருடுவான் என்பது அவர் சித்தாந்தம். நானும் வெகுகாலம் அதே சித்தாந்தத்தோடும் அதேபோன்ற ஒரு கோலோடும்தான் திரிந்தேன். பினாங்கில், டத்தோ கிராமாட்டில் ஒரு சின்னத் தேவாலயத்தில் நடந்த காரியத்துக்குப் பிறகு கோல் இருந்தது, ஓங்கித் தட்டுவது குறைந்துவிட்டது. அங்கே ஒரு பெண்ணின் வாழ்வே அந்த ஒரு குறியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. டிராம் ஓடும் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அந்தத் தேவாலயம். தமிழ்ச் சபை. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணிகள், ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள் என்று குழுவில் இருந்த எல்லாரும் கேள்வி ஞானத்தில் பாடுகிறவர்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆண்டுவிழா வருகிறது, இவர்களுக்கு நாலு குறியாவது சொல்லிக்கொடுங்கள் என்று பாதிரியார் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமை சாயங்காலங்களில் போனேன்.

கரும்பலகையில் ஐந்து கோடு போட்டு ஆரம்பித்தேன். பியானோ என்றால் மெல்ல, ஃபோர்ட்டே என்றால் பலமாக என்று எழுதினேன். 'பியானோன்னா வாசிக்கிறது இல்லையா மாஸ்டர்?' என்று கேட்டவர் தேவசகாயம். துறைமுகத்தில் கிராணி, குழுவில் பேஸ் என்ற ஆண்களின் அடிக் குரல். மெல்லப் பாடச் சொன்னால் உதட்டை மட்டும் குறுக்கிக்கொண்டு அதே பலத்தில் பாடுவார். ஆனாலும் எல்லாரும் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். ரெஸ்ட்டுக்கு ஒரு சுலபமான வழி சொன்னேன். கீழிருந்து எண்ணி நாலாவது கோட்டுக்குக் கீழே கறுப்புக் கட்டை தொங்கினால் ஒரு தாளக் கட்டம் முழுவதும் மௌனம், மூன்றாவது கோட்டின் மேல் உட்கார்ந்தால் பாதிக் கட்டம். தொங்கினால் முழுசு, உட்கார்ந்தால் பாதி. மறு வாரமே அதற்குத் 'தொங்கல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டேன்.

ஆண்டுவிழாவுக்கு எடுத்துக்கொண்ட பாட்டுகளில் ஒன்று, அந்த வருஷம் இறந்துபோன சபையார் பெயர்களை வாசித்த பிறகு பாடுவது. மிகவும் விளம்பமான பாட்டு. இரண்டாவது அடி முடிந்ததும் எல்லாக் குரல்களுக்கும் ஒரு தொங்கல். மற்றப் பாட்டுகளில் ரெஸ்ட் வந்தால் கத்தி வைத்ததுபோல நிறுத்தினவர்கள், இந்தப் பாட்டில் மட்டும் நிறுத்தவில்லை. அடியின் கடைசிச் சொல்லை இழுத்து, அந்த மௌனத்தை முழுவதும் நிரப்பி, அடுத்த அடியில் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். கோலைத் தட்டினேன். மறுபடி இழுத்தார்கள். ஒவ்வொருவராக எழுப்பிக் கரும்பலகையைக் காட்டிக் கேட்டேன். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். பாடச் சொன்னால் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கவனித்துப் பார்த்தபோது இழுப்பு ஆல்ட்டோ பக்கத்திலிருந்து, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் வரிசையிலிருந்து, தொடங்குவது தெரிந்தது. அங்கே எஸ்தர் டீச்சர் நிற்பார். பள்ளிக்கூட ஆசிரியை, முப்பதை ஒட்டின வயது, சுருதி பிசகாத குரல். குழுவிலேயே குறிகளை முதலில் கற்றுக்கொண்டவர் அவர்தான். அவர் நிறுத்தாமல் இழுப்பார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

அன்றைக்குப் பயிற்சி முடிந்ததும் தேவசகாயம் என் கூடவே சந்து முனைவரை வந்தார்.

'மாஸ்டர் கோவிச்சுக்கக் கூடாது. எங்களுக்குத் தொங்கல் தெரியாம இல்ல. அங்க நிறுத்த முடியாதுலா.'

'ஏன் முடியாது?'

'நிறுத்துனா ஹந்து பாடுது.'

ஹந்து என்றால் மலாயில் பேய். பினாங்குத் தமிழனுக்குத் தமிழில் சொல்லப் பயமாக இருந்தால் மலாயில் சொல்வான். விஷயம் இதுதான். எஸ்தர் டீச்சருக்குச் சுகிர்தம் என்று ஒரு தங்கை. அவளும் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். ஊருக்குப் போகிறாள் என்று கப்பலேற்றினார்களாம், வழியில் காய்ச்சல் கண்டு இறந்து, உடலைக் கடலில் இறக்கிவிட்டார்களாம். இந்தப் பாட்டைத்தான் அவளுக்காக ஞாபகார்த்த ஆராதனையில் பாடியிருக்கிறார்கள். அன்றைக்கே, அந்த மௌனத்தில், அவள் குரல் கேட்டதாம்.

'கல்லறைகூட இல்ல பாருங்க மாஸ்டர். அதான் வீட்டுக்கு வந்துடுச்சு,' என்றார் தேவசகாயம்.

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தேன். எனக்குப் பேயைவிட ரெஸ்ட்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் முழுவதும் மழை. சாயங்காலம் விட்டிருந்தது. தேவாலயத்தின் பின்பக்கச் சன்னல்களைத் திறந்தால் ரம்புத்தான் மரம் ஒன்று, அதற்கு அப்பால் எஸ்தர் டீச்சரின் இரண்டடுக்குப் பலகை வீடு. மேல்மாடிச் சன்னல் எப்போதும் மூடியிருக்கும். நான் அந்தப் பாட்டை எடுத்தேன். இன்று யார் இழுத்தாலும் ஆண்டுவிழாவில் பாட முடியாது என்று சொன்னேன். எஸ்தர் டீச்சரைப் பார்த்தே சொன்னேன்.

பாடினார்கள். இரண்டாவது அடி முடிந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள்.

மரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் ஒரு பெண் குரல், நாங்கள் பாடி முடித்த கடைசிச் சொல்லைப் பாடியது. மெல்லிய குரல். எங்களுக்குக் கொஞ்சம் பின்தங்கி, எங்கள் சுருதியிலேயே, அவசரமில்லாமல் அந்தச் சொல்லை முடித்துவிட்டு நின்றது. நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். எல்லா வாயும் மூடியிருந்தது. எஸ்தர் டீச்சர் மட்டும் புடவைத் தலைப்பை உதட்டில் அழுத்திக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. முதுகில் ஈரத் துணியைப் போர்த்தினதுபோல இருந்தது. பழகின கை தானாகத் தாளம் போட்டு அடுத்த அடியைத் தொடங்கி வைத்தது. பாட்டு முடிவதற்குள் சோப்ரானோ பாடும் பெண்களில் இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செய்தி பாதிரியாருக்குப் போனது. நல்ல மனிதர், ஆனால் எதையும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு செய்கிறவர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்களோடு அந்த வீட்டுக்குப் போய், அறை அறையாகத் திறந்து ஜெபிப்பது என்று முடிவு செய்தார். அடுத்த பயிற்சியின் தொடக்கத்தில் வந்து, நாளை விட்டு அடுத்த ஞாயிறு என்று எல்லாருக்கும் அதைச் சொன்னார். எல்லாருக்கும் நிம்மதி. எஸ்தர் டீச்சர் மட்டும், 'வீட்ல அம்மாவுக்கு முடியலங்க, இன்னொரு நாள் வச்சுக்கலாமே,' என்றார். முடியாதவர்களுக்குத்தான் ஜெபம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பாதிரியார் போய்விட்டார்.

என்ன செய்வதென்று தெரியாதபோது எனக்குப் பாடம்தான் துணை. அன்றைக்குச் சொல்லித்தர வேண்டியது கிரெசெண்டோ எனும் பெருகல் குறி. ஒரு புள்ளியில் தொடங்கி இரண்டு கோடுகள் வாய் திறந்துகொண்டே போகும் குறி. மூடின விசிறி விரிகிற மாதிரி என்று சொன்னேன். மெல்லத் தொடங்க வேண்டும், மூச்சைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் அப்படியே நிறுத்த வேண்டும். அந்தப் பாட்டிலேயே, தொங்கலுக்கு முந்தின கடைசிச் சொல்லின் மேல் அந்த விசிறி இருந்தது. அதுவரை அந்தச் சொல்லை எல்லாரும் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல்தான் பாடி வந்தார்கள். அரைமணி நேரம் அந்த ஒரு சொல்லையே பாட வைத்தேன்.

பிறகு பாட்டை முதலிலிருந்து எடுத்தோம். பயந்துகொண்டே இருந்தாலும் தொங்கலில் நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை பேயை விரட்டப் போகிறோமே என்ற தைரியம்.

குரல் வந்தது. மெல்லத் தொடங்கியது. மூச்சைக் கூட்டிக்கொண்டே போனது. கடைசியில் அப்படியே நின்றது.

மற்றவர்கள் குரல் வந்ததைத்தான் கேட்டார்கள். அது வந்த விதத்தை நான் கேட்டேன். போன வாரம் அந்தக் குரல் அதே சொல்லை விசிறி இல்லாமல் பாடியிருந்தது. இன்றைக்கு, அரைமணிக்கு முன் நான் சொல்லிக்கொடுத்ததைப் பாடியது. கடலில் இறக்கப்பட்டவளுக்கு இன்றைய பாடம் எப்படித் தெரியும்? சன்னலுக்கு அப்பால் யாரோ உயிரோடு உட்கார்ந்து, என் பாடங்களை ஒன்று விடாமல் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எங்களோடு சேர்ந்து முழுப் பாட்டையும்தான் பாடியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து காதால் பின்தொடர்கிறவர்கள் கொஞ்சம் பின்தங்குவார்கள். அந்தப் பின்தங்கின வால்தான் எங்கள் மௌனத்துக்குள் விழுந்திருக்கிறது.

பேய் இல்லை என்று தெரிந்தால் பயம் போக வேண்டும். எனக்குப் போகவில்லை, கூடிவிட்டது. எஸ்தர் டீச்சரைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டுகொண்டேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, யோசிக்க நேரமில்லாமல் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வாயைத் திறந்து, 'அது பேய் இல்லை' என்று சொன்னால் அத்தனை பேரும் அப்போதே அந்த வீட்டுக்கு ஓடுவார்கள். கையைத் தூக்கி அடுத்த அடிக்குத் தாளம் போட்டேன். பாட்டை முடித்தேன். எல்லாரையும் அனுப்பிவிட்டு, ஆல்ட்டோவில் ஒரு திருத்தம் இருக்கிறது என்று எஸ்தர் டீச்சரை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

'டீச்சர், உங்க தங்கச்சிக்கு விசிறி நல்லா வருது,' என்றேன்.

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழவில்லை. 'யார்கிட்டயும் சொல்லாதீங்க மாஸ்டர். அது வெறும் தேமல்தான்,' என்றார்.

சுகிர்தத்தின் கன்னத்தில் ஒரு வெளிறின திட்டு வந்திருக்கிறது. பிறகு கையில் ஒன்று. அவர்கள் தாய் அதைப் பார்த்த அன்றைக்கே மகளை மாடியில் வைத்துச் சன்னலை அடைத்துவிட்டார். அந்தக் காலத்தில் தொழுநோய் என்று டாக்டர் எழுதிவிட்டால் ஜெரஜாக் தீவுக்குத்தான் போக வேண்டும். போனவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் கப்பல், காய்ச்சல், கடல் என்று கதை கட்டினார்கள். ஞாபகார்த்த ஆராதனையில் குழு பாடியபோது, மாடியில் இருந்தவளும் கூடவே பாடியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் குரல் வெளியே கேட்டுவிடாதபடி அக்கா அந்த மௌனத்தை இழுத்து இழுத்து மூடியிருக்கிறார். மற்றவர்கள் பேய்க்குப் பயந்து இழுத்தார்கள். இவர் தங்கைக்காக இழுத்தார்.

'பாடாதேன்னு சொல்லக் கூடாதா?' என்று கேட்டேன்.

'வேற எல்லாத்தையும் சொல்லிட்டோம் மாஸ்டர். சிரிக்காத, நடக்காத, இருமாத. இத ஒண்ணயும் எப்படிச் சொல்றது?'

'ஞாயித்துக்கிழமை பத்துப் பேர் வந்து கதவத் தெறந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அதுக்கு முன்னால நாமளே டாக்டரக் கூப்பிடணும். தேமல்னா தேமல்னுதான் சொல்வாரு. அவ கீழ இறங்கி வந்து ஆல்ட்டோவுல நிக்கலாம்.'

'தேமல் இல்லன்னா?'

அவர் கரும்பலகையில் இருந்த விசிறியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, 'நீங்க மொதல்ல வந்து பாருங்க. நீங்களும் தேமல்னு சொன்னா டாக்டரக் கூப்பிடுறேன்,' என்றார். நான் பாட்டுக்காரன், எனக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு வேண்டியது மருத்துவம் இல்லை, கூட ஒரு ஆள். போனேன்.

கீழே தாய் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மாடிப்படியில் எஸ்தர் டீச்சர் விளக்கை ஏந்தி முன்னால் போனார். அறையில் பலகை இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. பாயில் ஒருத்தி, தலையோடு புடவையைப் போர்த்தி, கன்னத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்ததும் பாட்டு வகுப்பில் காத்திருந்த பெண் மாதிரி எழுந்து நின்றாள்.

'மாஸ்டர், தேவசகாயம் அண்ணே தொங்கல்ல மூச்சு விடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நீங்க ஏன் அவர ஒண்ணும் சொல்றதில்ல?' என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறந்துபோனதாக ஊரே நம்பினவள் என் குழுவில் குறை சொல்கிறாள்.

'நான் செத்துட்டேன்னு பாடுனாங்களே, அன்னிக்கு அக்கா சுருதி கொஞ்சம் எறங்கிப்போச்சு,' என்றாள் அடுத்து. எஸ்தர் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. எல்லாக் குறிகளின் பெயரும் தெரியும், எப்படிப் பாட வேண்டும் என்றும் தெரியும். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. 'விசிறி எப்படி இருக்கும் மாஸ்டர்? எந்தப் பக்கம் விரியும்?' என்று கேட்டாள். அறையில் எழுத ஒன்றும் இல்லை. கையை நீட்டச் சொன்னேன். கூச்சத்தோடு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இடது கையை நீட்டினாள். தொடுவதற்கு எனக்குப் பயம்தான். அக்கா பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று நகத்தை வைத்தேன். மணிக்கட்டுப் பக்கம் ஒரு புள்ளியில் தொடங்கி, விரல்கள் வரைக்கும் இரண்டு கோடுகளை விரித்துப் போட்டேன். கையை எடுத்துவிட்டேன்.

அவள் நீட்டின கையை நீட்டினபடியே வைத்துக்கொண்டிருந்தாள்.

'வரைங்க மாஸ்டர். பயப்படாதீங்க, கை கழுவித்தான் வச்சிருக்கேன்,' என்றாள்.

நான் மறுபடியும் வரைந்தேன். இந்தத் தடவை நகத்தை நன்றாக அழுத்தினேன். அவள் முகம் சன்னல் பக்கமே இருந்தது. விளக்கு ஆடியது. எஸ்தர் டீச்சர் என் விரலையும் தங்கையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

இன்னும் வரையவில்லையே என்று சுகிர்தம் திரும்பினாள். உள்ளங்கையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் விரிந்திருந்தன.

'இப்படித்தான் இருக்குமா?' என்றாள் சந்தோஷமாக. பிறகு கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். 'எப்ப வரைஞ்சீங்க?' என்றாள்.

தேமல் வந்தால் கை மரத்துப்போகாது. எஸ்தர் டீச்சர் விளக்கைத் தரையில் வைத்தார். 'டாக்டரக் கூட்டிட்டு வாங்க மாஸ்டர்,' என்றார்.

டாக்டர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வந்து பார்த்து, தொழுநோய்தான் என்று எழுதினார். தீவுக்குப் போகும் லாஞ்ச் படகில் அவளை அக்காவும் நானும் ஏற்றிவிட்டோம். பாதிரியாரிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அவர் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாகப் போய் அந்தத் தாயோடு உட்கார்ந்து ஜெபித்தார். ஆண்டுவிழாவில் வாசிக்க இருந்த பெயர்களிலிருந்து சுகிர்தத்தின் பெயரை எடுத்துவிட்டார். எண்ணெய் ஊசி போட்டால் சிலருக்கு நோய் நின்றுவிடும் என்றார் டாக்டர். அவளுக்கு நிற்குமா என்று கேட்டோம், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தெரியாதவர்கள் ஆளுக்கு ஒரு இடத்தில் தப்பு செய்வார்கள். எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி தப்பு செய்தால் அது தெரியாமை இல்லை. குறியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, முதலில் யார் தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கோல் எங்கேயும் போய்விடாது.

லாஞ்ச் போன பிறகு வந்த சனிக்கிழமை அந்தப் பாட்டை மறுபடியும் எடுத்தேன். அதற்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஹந்து இல்லை என்று ஆகிவிட்டது. மாடிச் சன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். இரண்டாவது அடி முடிந்ததும் தேவசகாயம் உட்பட எல்லாரும் கச்சிதமாக நிறுத்தினார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் நிறுத்தவில்லை. மறைக்க இனிமேல் ஒன்றும் இல்லாத அந்த மௌனத்தின் மேல், கடைசிச் சொல்லைத் தனியாக இழுத்துக்கொண்டே போனார். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கோலைத் தட்டவில்லை. அவர் மூச்சு முடிகிறவரை காத்திருந்துவிட்டு, அடுத்த அடிக்குத் தாளம் போட்டேன்.